நான்காவது அழைப்பு

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய கேபிள்களுக்கும் யாரும் திரும்பக் கேட்காத சாவிகளுக்கும் அடியில், ஒரு போட்டோஸ்டேட் தாள் கிடக்கிறது. கோடு போட்ட நீள நோட்டு ஒன்றின் ஒரு பக்கம். இயந்திரத்தின் மூடியைச் சரியாக அழுத்தாததால் இடது ஓரம் முழுக்கக் கறுப்பாக விழுந்திருக்கிறது. நடுவில் நகலாக விழுந்த நான்கு குறிப்புகள், எல்லாம் தமிழில், உருண்டு திரண்ட கையெழுத்தில். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கிழமையும் மணியும். முதல் மூன்று குறிப்புகளிலும் ‘வெச்சிட்டேன்’ என்ற சொல் வருகிறது. நான்காவதில் வராது. இத்தனை ஆண்டுகளில் மூன்று முறை அறை மாறியிருக்கிறேன். பெட்டிகளை எல்லாம் ஆள் வைத்துத் தூக்கினாலும் இந்தத் தாளை நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன். அதை எழுதியவரை நாங்கள் எல்லோரும் ஆப்பரேட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். கல்யாண வீடுகளில் உறவினர்கள் ‘கம்ப்யூட்டர் ரிப்பேரா?’ என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன். என் வேலையில் ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் சடங்கு ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தின் இணையத்தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்குவது. இணைய முகவரிக்கு முன்னால் சின்னதாகப் பூட்டுப் படம் தெரியுமே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான். மாணவர் ஒருவர் கடவுச்சொல்லைத் தட்டும்போது அது போய்ச் சேரும் இடம் எங்கள் பல்கலைக்கழகம்தான், எவனோ போட்டு வைத்த போலித் தளம் இல்லை என்று வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கையெழுத்துப் போட்டுத் தரும். அந்தக் கையெழுத்துக்கு ஓராண்டுதான் ஆயுள். கெடு முடிந்த நொடியில் பூட்டு போய்விடும், ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று திரையை அடைத்துக்கொண்டு எச்சரிக்கை வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் மாணவர்கள் பயப்படுவார்கள், பெற்றோர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

அந்த நிறுவனம் சும்மா கையெழுத்துப் போட்டுவிடாது. விண்ணப்பம், ஆவணம் எல்லாம் கணினியிலேயே முடிந்தாலும் கடைசியில் ஒரு மனிதக் குரலைக் கேட்டாக வேண்டும் என்பது அதன் விதி. நான் கொடுக்கும் எண்ணுக்குக் கூப்பிடாது. திருடன்கூட எண் கொடுப்பான் அல்லவா. பொது விவரத் தொகுப்பில் பல்கலைக்கழகத்தின் பெயரில் எந்த எண் இருக்கிறதோ, அதைத் தானே தேடி எடுத்துக் கூப்பிடும். எடுப்பவரிடம், இந்தப் பெயரில் ஒருவர் அங்கே வேலை செய்கிறாரா, என்ன பதவி, இந்தச் சான்றிதழைக் கேட்பது அவருடைய வேலைதானா என்று விசாரிக்கும். எங்கள் பொது எண் அடிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. பேராசிரியர்களும் பட்டம் பெற்றவர்களும் ஆயிரம் பேர் இருக்கும் வளாகத்தில், நான் நான்தான் என்று உலகத்துக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அறையில் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது ஆகவில்லை. பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, பெர்மாஸ் ஜெயாவில் குடியிருந்தவர். ஞாயிறு எங்களுக்கு வேலை நாளாக இருந்ததால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போவார். ஸ்விட்ச்போர்டின் ஓரத்தில் தபால்தலை அளவில் ஒரு மாதா படத்தை ஒட்டி வைத்திருந்தார். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் சரளமாகப் பேசுவார். மாண்டரினில் ‘கொஞ்சம் இருங்கள்’ என்று மட்டும் சொல்லத் தெரியும், ஆனால் அதைச் சொல்லும் அழகில் எதிர்முனையில் இருப்பவர் கோபத்தை மறந்துவிடுவார். வீட்டில் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மாதாமாதம் நிச்சயமாக வரும் சம்பளம் அக்காவுடையது ஒன்றுதான். அதுவும் ஒப்பந்த வேலை. என் சான்றிதழைப் போலவே ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. யாரோ ஒருவர் ‘திருப்தி’ என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சந்தேகமான அழைப்பு எது வந்தாலும் நீள நோட்டில் குறித்து வைப்பார், அதுவும் தமிழில். ஏன் மலாயில் எழுதக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். “மலாய்ல எழுதினா போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான் தம்பி. இதுல எழுதினா நானும் மாதாவும்தான்,” என்றார். நான் சர்வரில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற ரகசியக் காப்பை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்த காலத்திலிருந்தே இலவசமாகச் செய்துவந்தார் என்று கிண்டல் செய்தேன். சந்தேகம் அவருக்குச் சும்மா வரவில்லை. அவருடைய கொழுந்தனாரை, போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தொலைபேசியிலேயே ஏமாற்றி, இத்தனை வருடச் சேமிப்பைச் சுருட்டியிருந்தான். அது போதாதென்று, எங்கள் அலுவலகத்துக்கே எவனோ கூப்பிட்டு ஊழியர்களின் பெயரையும் பதவியையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதை வைத்து வேறொருவரை ஏய்க்கப் பார்த்தான். உடனே பதிவாளர் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. வெளியாள் யார் கேட்டாலும் ஊழியரின் பெயர், பதவி, உள் எண் எதையும் தரக்கூடாது. அக்கா அதை மாதாவுக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

எனக்கு முன்னால் இந்தச் சான்றிதழ் வேலையைப் பார்த்த சீனியர், சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைத்துப் போகும்போது எனக்கு ஒரு கோப்பு கொடுத்துவிட்டுப் போனார். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருந்தார். ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பம் போடும் அன்று, கேன்டீனில் உருளைக்கிழங்கும் கறியும் அடைத்துப் பொரித்த கறிபாப் ஐந்தாறு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். கூட வா என்று என்னையும் ஒருமுறை கூப்பிட்டார். மனுஷனுக்குத் தின்கிற ஆசை, வேலை நேரத்தில் அரட்டை என்று நினைத்து, நான் என் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ‘அக்கா, இந்த வாரம் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுவார்கள், என் பெயரைக் கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லுங்கள்’ என்று சொல்லத்தான் அவர் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை எழுதிவைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

அந்த ஆண்டு நானே முதன்முறையாகத் தனியாகச் செய்தேன். செய்தேன் என்பதைவிட, தள்ளிப்போட்டேன் என்பதுதான் சரி. பதவி உயர்வுக்கான நேர்காணல் அடுத்த மாதம் வரவிருந்தது, அதற்குப் படங்கள் எல்லாம் போட்டு விளக்கக் கோப்பு தயாரித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை சான்றிதழின் கெடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்து விண்ணப்பம் போட்டேன், முழுதாக நான்கு நாள் இருக்கிறதே என்ற தெம்பில். அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை உலகமே படுத்துத் தூங்குகிறது என்பது அந்த விடுமுறைக்குப் பழகிப்போனவனுக்கு எப்படி நினைவிருக்கும்? அந்த நிறுவனம் திங்கட்கிழமைதான் என் விண்ணப்பத்தைத் திறந்தது. நான் கீழே போய் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரலாம் என்று எல்லோருக்குமான மின்னஞ்சல் ஒன்றைத் தட்டிவிட்டேன். அக்காவின் அறையில் கணினியே இல்லை. பழுது பார்க்கிறோம் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் பிரிவுதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, திருப்பிக் கொடுக்க மறந்து, அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்குப் பூட்டு போனது. எட்டரைக்குப் பாடப் பதிவு திறக்க வேண்டும். மாணவர்கள் எட்டேகாலிலிருந்தே திரையைப் பார்த்துக் காத்திருப்பவர்கள், எல்லோருக்கும் அந்த எச்சரிக்கை போய் நின்றது. பதிவு, நூலகம், தேர்வு முடிவு எல்லாம் ஒரே சான்றிதழில் ஓடியவை, அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்தன. துணைப் பதிவாளர் அம்மையார் ஒரு மலாய்ப் பெண்மணி, கோபப்பட்டாலும் குரலை உயர்த்தாதவர். அன்று படியேறி எங்கள் பிரிவுக்கே வந்துவிட்டார். “பாடப் பதிவு நாளில் போய் இப்படியா?” என்று அவர் கேட்டபோது எனக்குக் காது சுட்டது. நான் வெளிநாட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அங்கே ஒரு பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: நாங்கள் மூன்று நாளும் கூப்பிட்டோம், மூன்று முறையும் உங்கள் ஆப்பரேட்டர் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். இன்று மாலை நான்கு மணிக்கு மறுபடியும் கூப்பிடுகிறோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த நேரத்தில் ஒரு குற்றவாளி கிடைத்த ஆறுதலும் அதில் கலந்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். கீழே போய் என்ன நடந்தது என்று கேட்க இரண்டு மாடி இறங்கினால் போதும். இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் இருபது நிமிடத்தில் அறிக்கை எழுதினேன். தொலைபேசி ஆப்பரேட்டரின் அலட்சியத்தால் இந்தத் தடை ஏற்பட்டது என்று எழுதி, அலட்சியத்துக்கு மலாயில் உள்ள ‘சுவாய்’ என்ற சொல்லைத் தேடிப் போட்டேன். அலுவலக மலாயில் அது லேசான சொல் இல்லை. ஒருவருடைய கோப்பில் அது ஏறினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். அக்காவின் ஒப்பந்தம் அந்த மாத இறுதியில் முடிவதாக இருந்தது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று வாங்கிக் குடித்தேன்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த அறைக்குப் போனேன். அக்கா எப்போதும்போல ‘வாங்க தம்பி’ என்றார். சிரிக்கவில்லை. நான் நாற்காலியில்கூட உட்காராமல், கூப்பிடப் போகிறவர்கள் யார், என்ன கேட்பார்கள் என்று கடகடவென்று சொன்னேன். “அப்படியா, இதுக்குத்தானா அது,” என்று மட்டும் சொன்னார். மணி அடித்தது. அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார். எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்கவில்லை, அக்காவின் பதில்கள்தான் கேட்டன. என் முழுப்பெயரைத் திருத்தமாகச் சொன்னார், அப்பா பெயரோடு சேர்த்து. “யெஸ், ஹி இஸ் வொர்க்கிங் ஹியர்.” என் பதவியைச் சொன்னார். பிறகு எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டார்கள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “யெஸ். இட் இஸ் ஹிஸ் ஜாப்,” என்றார். நன்றி சொல்லி, இணைப்பைத் துண்டித்தார்.

நான் ‘தேங்க்ஸ்க்கா’ என்று சொல்லித் திரும்பும்போது, நீள நோட்டை நகர்த்தி அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பல்கலைக்கழக முத்திரையோடு, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று காரணம் கேட்டு வந்த கடிதம். எங்கள் அலுவலகத்தில் ஒரு விடுப்பு விண்ணப்பம் மூன்று வாரம் தூங்கும், இது மூன்று மணி நேரத்தில் வந்திருந்தது. என் அறிக்கையின் நகலையும் அதில் குத்தியிருந்தார்கள். மத்தியானமே அது அவர் கைக்கு வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுத்தான், அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான், எனக்காக அந்த வெளிநாட்டுக் குரலுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

“இதுல ‘சுவாய்’னு எழுதியிருக்கீங்க தம்பி. நான் சுவாயா?” என்று கேட்டார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். நான் ஏதோ உளறினேன். நேரமில்லை, மேலிடத்தில் நெருக்கினார்கள், அவசரத்தில் எழுதிவிட்டேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அங்கே மூன்று குறிப்புகள் இருந்தன.

‘திங்கள் 10.40. வெளிநாட்டு ஆளு, இங்கிலீஷ். ஐ.டி. தம்பி பேரு சொல்லி இங்க வேலையா, என்ன பதவின்னு கேட்டான். சொல்லல. வெச்சிட்டேன். தம்பிக்குப் போட்டேன், எடுக்கல.’

‘செவ்வாய் 11.05. அதே ஆளு. வெச்சிட்டேன். தம்பிக்கு ரெண்டு தடவ போட்டேன், எடுக்கல.’

‘புதன் 10.15. இன்னிக்குப் பொம்பள குரலு. ஆள மாத்திப் பாக்குறானுங்க. வெச்சிட்டேன். தம்பிய யாரோ குறி வெச்சிருக்கானுங்க. சாப்பாட்டு நேரத்துல மேல போனேன், மீட்டிங்குன்னு சொன்னாங்க. எப்படியாச்சும் தம்பிகிட்ட சொல்லணும்.’

அந்த அழைப்புகள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. ஸ்விட்ச்போர்டிலிருந்து வந்தால் என் தொலைபேசித் திரையில் ஒன்பது என்ற எண் மின்னும். பெற்றோர் யாரோ புகார் சொல்ல வந்திருக்கிறார்கள், அக்கா என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, மின்னி அணையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கக் கோப்புக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன் அப்போது. அவர் மூன்று நாளும் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு போனை வைத்திருக்கிறார். நான் அவரை அலட்சியக்காரி என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. “இதெல்லாம் பாத்த பின்னாடியும் எனக்காக ஏங்க்கா ஆமான்னு சொன்னீங்க?” என்று கேட்டேன். அவர் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். “நீங்க இங்க வேலை செய்றீங்களா, இது உங்க வேலையான்னு கேட்டான். ஆமான்னேன். நீங்க செஞ்சது சரியான்னு அவன் கேக்கலியே தம்பி,” என்றார். மறுபடியும் மணி அடித்தது. “செலாமாட் பெத்தாங்,” என்று அதே இனிய குரலில் யாருக்கோ மாலை வணக்கம் சொன்னார்.

நான் மேலே போனேன். அரைமணியில் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. சர்வர் ஒவ்வொன்றிலும் அதைப் போட்டேன், பூட்டுகள் திரும்பி வந்தன. முதலில் அந்த வேலையைத்தான் முடித்தேன், துணைப் பதிவாளரிடம் போகவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் அவர் கிளம்பிப் போயிருந்தார், அடுத்த இரண்டு நாள் விடுமுறை. உள்ளூர எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. தம்போயில் என் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நெரிசல், நின்று நின்று போன காரில் நானே எனக்கு வக்கீலாக வாதாடிக்கொண்டு போனேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றால் தப்பு என்னுடையது என்று ஆகும். நேர்காணல் போய்விடும். வீட்டுக் கடனும் பிள்ளையும் எனக்கும் உண்டு. வெள்ளி முழுக்க, சனி முழுக்க யோசித்து, சனி மாலை ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தேன். அலுவலக மொழியில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. ‘தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளி’ என்று எழுதினால் போதும், யார்மேலும் தப்பு விழாது. இடைவெளியைக் கூப்பிட்டு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

ஞாயிறு காலை அந்த அறிக்கையை அச்சடித்து, ஆதாரத்துக்கு நோட்டின் பக்கத்தை நகல் எடுக்க அக்காவிடம் போனேன். எதற்கு என்று கேட்காமல் நோட்டைக் கொடுத்தார். பக்கத்து அறை போட்டோஸ்டேட் இயந்திரத்தில் நோட்டைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் நான்காவது குறிப்பைப் பார்த்தேன். வியாழக்கிழமை நான் மேலே போன பிறகு எழுதியிருக்கிறார்.

‘வியாழன் 4.00. அதே கம்பெனிக்காரங்க. நல்லவங்கதான். தம்பி நம்ம ஆளுதான்னு சொல்லிட்டேன்.’

தொலைபேசியில் அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வேலை செய்கிறார், இது அவர் வேலை, அவ்வளவுதான் சொன்னார். ‘நம்ம ஆளு’ என்பதை யாருக்கும் தெரியாத தம் நோட்டில், காரணம் கேட்ட கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். இயந்திரத்தின் வெளிச்சம் ஓடி முடிந்த பிறகும் மூடியில் கை வைத்தபடி நின்றேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்த ‘இடைவெளி’ அறிக்கையைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

துணைப் பதிவாளர் என்னை உட்காரச் சொல்லிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தாமதமாக விண்ணப்பித்தது, அக்காவிடம் சொல்லாதது, அவருடைய கணினியை நாங்கள் அலமாரிக்குப் பின்னால் வைத்திருப்பது, ஒன்பது மின்னும்போது எடுக்காதது. சுற்றறிக்கைப்படி நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்றும் சொன்னேன். கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது, இன்னொன்று எழுதலாம், ஆனால் அது உன் கோப்பில் ஏறும் என்றார். சரி என்றேன். நோட்டின் நகலை நீட்டினேன். தமிழ் எழுத்துகளைப் பார்த்துத் திகைத்து, “அலமாக், இதை நான் எப்படிப் படிப்பது?” என்றார். மலாயில் மொழிபெயர்த்துக் கூடவே வைத்திருந்தேன். மொழிபெயர்ப்பு சரி என்று யார் உறுதி சொல்வது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மூன்றாவது குறிப்பைப் படிக்கும்போது அந்த அம்மாளின் முகம் மாறியது. காரணம் கேட்ட கடிதத்தை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாத இறுதியில் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நேர்காணல் பட்டியலில் என் பெயர் அந்த ஆண்டும் இல்லை, அடுத்த ஆண்டும் இல்லை. அதைப் பற்றி அக்காவிடம் நான் சொன்னதில்லை. தெரியாமலா இருந்திருக்கும், பல்கலைக்கழகத்துச் செய்தி எல்லாம் அவர் காது வழியாகத்தானே போகும்.

கணினியை மறுநாளே நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அடுத்த ஆண்டிலிருந்து விண்ணப்பம் போடும் அன்று கேன்டீனில் கறிபாப் வாங்கிக்கொண்டு இறங்கினேன். முதல் ஆண்டு, பையைப் பார்த்ததும், “வந்துட்டாரு சர்ட்டிபிகேட் தம்பி,” என்று சிரித்தார். நான் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொடங்கும்போதெல்லாம் அழைப்பு வந்துவிடும், அல்லது வந்த மாதிரி ஹெட்போனைப் பிடித்துக்கொள்வார். கணவருடைய உடல்நிலை, மகளின் நர்சிங் படிப்பு, கறிபாப்பில் உருளைக்கிழங்கு கூடிக் கறி குறைந்துபோனது, இவற்றைத்தான் பேசினோம். எனக்கு வேண்டியதும் அதுதான் போலிருக்கிறது.

இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நாங்கள் வேறு வகைச் சான்றிதழுக்கு மாறிவிட்டோம். சர்வரே கேட்டு, சர்வரே நிரூபித்து, சர்வரே புதுப்பித்துக்கொள்கிறது, நான் தூங்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஜொகூரிலும் இப்போது சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. பொது எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதிவுசெய்த குரல் பேசுகிறது. அது வந்த ஆண்டு அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது. அந்த முறை யாருடைய அறிக்கையும் காரணமில்லை. வேறு பிரிவுகளில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கணவர் அதற்குள் தவறியிருந்தார். மகளுக்குத் துணையாக இருக்கிறேன் என்று போய்விட்டார். தீபாவளிக்கு அவர் எனக்கும் கிறிஸ்மஸுக்கு நான் அவருக்கும் வாழ்த்து அனுப்புவதோடு சரி.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. தெரியாத எண்ணை இந்தக் காலத்தில் யார் எடுக்கிறார்கள்? பிறகு அதே எண்ணிலிருந்து செய்தி வந்தது. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கிளினிக், முன்மேசை வேலைக்கு விண்ணப்பித்திருப்பவர் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார், இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை, இன்றைக்குள் தொடர்புகொள்ளாவிட்டால் அடுத்தவரைப் பார்ப்போம். கீழே அக்காவின் முழுப்பெயர். ‘தம்பிக்கு ரெண்டு தடவ போட்டேன், எடுக்கல.’ பத்து ஆண்டாக இழுப்பறையில் வைத்துப் பாதுகாத்த பாடத்தை நான் படித்த லட்சணம் இதுதான்.

செய்தி வந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடவில்லை. கிளினிக்கின் இணையத்தளத்தைத் தேடி, பழக்கதோஷத்தில் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அங்கே போட்டிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். மேலாளரிடம் இணைத்தார்கள். இளம் பெண், வேகமான மலாய். இந்தப் பெயரில் ஒருவர் அங்கே வேலை செய்தாரா? செய்தார். என்ன வேலை? சொன்னேன். எத்தனை ஆண்டு? சொன்னேன். “அவ்வளவுதான், நன்றி,” என்று வைக்கப் போனாள். ஒரு நிமிடம் என்று நிறுத்தினேன். ஒருமுறை அவருடைய வேலைக்கே நான் உலை வைத்தேன், அது தெரிந்த பிறகும் எனக்குப் பாதகமாக ஒரு வார்த்தை பேசாமல் உண்மையை மட்டும் சொன்னவர் அவர், உங்கள் கிளினிக்கின் தொலைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றேன். எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. “சரி என்சிக்,” என்றாள், ஐயா என்ற மரியாதையோடு, கொஞ்சம் மெதுவாக.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். “என்னக்கா இது, ஒரு வார்த்தை சொல்லாம என் பேரைக் கொடுத்துட்டீங்க? நான் திருப்பிக் கூப்பிடாமப் போயிருந்தா?” என்றேன். அந்தப் பக்கம் பழைய சிரிப்பு கேட்டது. “கறிபாப் வாங்கிட்டு வந்து சொல்லணுமா தம்பி?” என்றார்.

வைத்த பிறகு இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தேன். நான்காவது குறிப்புக்குக் கீழே நிறைய இடம் காலியாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்து, ஆறாம் வகுப்போடு நின்றுபோன என் தமிழ்க் கையெழுத்தில், அவர் எழுதும் மாதிரியே எழுதினேன்.

‘திங்கள் 11.20. கிளினிக்குல இருந்து. அக்கா இங்க வேலை செஞ்சாங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கேக்காததையும் சொன்னேன். நம்ம ஆளு.’